சாலை மரணங்களற்ற நாடு: இலக்கும் வழியும்

நாடு விடுதலை பெற்ற பின் நாம் அடைந்த வளர்ச்சியைச் சுட்டிக்காட்ட விரும்புவோர் சாலைகளை முதலில் குறிப்பிடுவது வழக்கம். 1951-ஆம் ஆண்டில் சுமார் 4 லட்சம் கிலோமீட்டராக இருந்த நம் சாலைகளின் மொத்த நீளம் இன்று 63 லட்சம் கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. விளைபொருள் சந்தைக்கு வருகிறது. நோயாளி மருத்துவமனையை அடைகிறார். தொலைவிலுள்ள கிராமத்துப் பெண் கல்லூரிக்குச் சென்று மாலையில் வீடு திரும்புகிறாள். இவை அனைத்தும் சாலை தந்த பயன்களே. ஆனால் அதே சாலையில் 2022-ஆம் ஆண்டில் 1,68,491 பேர் உயிரிழந்தனர். நாளொன்றுக்குச் சராசரியாக 462 பேர். மணிக்கு 19 பேர். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் ஆண்டறிக்கை தரும் கணக்கு இது. அடுத்த ஆண்டில் இத்தொகை மேலும் உயர்ந்து 1 லட்சத்து 72 ஆயிரத்தைக் கடந்தது.

ஒரு பெரிய ரயில் விபத்து நேர்ந்தால் விசாரணை நடைபெறுகிறது. பொறுப்பு யாருடையது என்று நாடாளுமன்றம் கேட்கிறது. சாலையில் ஆங்காங்கே ஒருவர் இருவராக மடிவதால் இப்பேரிழப்பு கண்ணில் படுவதில்லை. மறுநாள் செய்தித்தாளின் ஒரு மூலையில் இடம்பெற்று மறக்கப்படுகிறது. இம்மரணங்கள் விதியின் செயலா, தனி மனிதரின் கவனக்குறைவா, அல்லது திட்டமிட்டுக் குறைக்கத்தக்க ஒரு பொதுநலப் பிரச்சினையா என்பதே ஆராயத்தக்க வினா. இவ்வினாவுக்கு நாம் தரும் விடையைப் பொறுத்தே நாம் மேற்கொள்ளும் நடவடிக்கையும் அமையும்.

எண்கள் உணர்த்துவன

இறப்போர் யார் என்பதை முதலில் காண்போம். 2022-இல் இறந்தோரில் 44.5 சதவீதத்தினர் இரு சக்கர வண்டிகளில் சென்றவர்கள், 19.5 சதவீதத்தினர் பாதசாரிகள். அதாவது மூவரில் இருவருக்குச் சற்றுக் குறைவானோர், இரும்புக் கூண்டின் பாதுகாப்பு ஏதுமின்றிச் சாலையைப் பயன்படுத்தியவர்கள். வயதைப் பார்த்தால், 18 முதல் 45 வரையிலானோர் மூன்றில் இரு பங்கினர். உழைத்துக் குடும்பத்தைக் காப்பாற்றும் பருவத்தினர் இவர்கள். ஒருவர் இறந்தால் வருவாய் நிற்கிறது, கடன் ஏறுகிறது, பிள்ளைகளின் படிப்பு பாதியில் முடிகிறது. சாலை விபத்துக்களால் சமுதாயத்துக்கு ஏற்படும் இழப்பு ஆண்டுக்கு 55,000 கோடி ரூபாய் என்றும், அது நாட்டின் மொத்த உற்பத்தியில் சுமார் 3 சதவீதம் என்றும் திட்டக்குழு 2002-ஆம் ஆண்டிலேயே மதிப்பிட்டது.

எங்கே இறக்கின்றனர் என்பதும் கருதத்தக்கது. தேசிய நெடுஞ்சாலைகள் நம் சாலைகளின் மொத்த நீளத்தில் சுமார் 2 சதவீதமே. ஆயினும் 2022-இல் நிகழ்ந்த மரணங்களில் 36 சதவீதம் அவற்றில் நேர்ந்தவை. வளைவிலும் குறுகிய பாலத்திலுமே ஆபத்து மிகுதி என நாம் எண்ணுகிறோம். ஆனால் அவ்வாண்டின் விபத்துக்களில் 67 சதவீதம் நேரான சாலைகளிலேயே நடந்தன. நல்ல சாலை வேகத்துக்கு இடம் தருகிறது. அவ்வேகத்துக்கு ஏற்ற பாதுகாப்பு உடன் அமையாதபோது அந்த நன்மையே தீமையாகிறது.

ஜப்பானின் அனுபவம்

இந்நிலை தவிர்க்க முடியாதது என்று கூறுவோருக்கு ஜப்பானின் வரலாறு தக்க விடையாகும். 1970-ஆம் ஆண்டில் ஜப்பானியச் சாலைகளில் 16,765 பேர் இறந்தனர். அதே ஆண்டில் இந்தியாவில் இறந்தோர் சுமார் 14,500 பேர். அப்பொழுது ஜப்பானை விட நாம் குறைவாகவே உயிர்களை இழந்துகொண்டிருந்தோம். 2022-இல் ஜப்பானில் இறந்தோர் 2,610, இந்தியாவில் 1,68,491. ஜப்பான் தன் முதன்மைக் கணக்கில் 24 மணி நேரத்துக்குள் இறந்தோரை மட்டும் சேர்க்கிறது. நாம் 30 நாட்களுக்குள் இறந்தோரைச் சேர்க்கிறோம். இவ்வேறுபாட்டை ஈடு செய்து பார்த்தாலும் ஜப்பானின் தொகை 3,000-ஐச் சற்றே தாண்டுகிறது. அந்நாட்டின் மக்கள்தொகை நம்மைவிடக் குறைவு என்பது உண்மைதான். ஆனால் ஐம்பது ஆண்டுகளில் அவர்களுடைய தொகை ஆறில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியது. நம்முடையதோ பதினோரு மடங்குக்கு மேல் ஏறியது. அவர்களுடைய வாகனங்களும் இக்காலத்தில் பல மடங்கு பெருகின என்பதை மறத்தல் கூடாது.

இம்மாறுதல் தானாக வந்ததன்று. 1970-இல் ஜப்பான் போக்குவரத்துப் பாதுகாப்புக்கென ஓர் அடிப்படைச் சட்டம் இயற்றியது. அதன்கீழ் ஐந்தாண்டுத் திட்டங்கள் வகுக்கப்பட்டன. நடைபாதைகள், நடை மேம்பாலங்கள், சைகை விளக்குகள் ஆகியவற்றுக்குத் தொடர்ந்து நிதி ஒதுக்கப்பட்டது. பத்தாண்டுக்குள் மரணங்கள் ஏறத்தாழப் பாதியாயின. பின்னர் அவை மீண்டும் உயர்ந்து 1992-இல் 11,000-ஐத் தாண்டின. இருக்கைப் பட்டைக் கட்டாயம், மது அருந்தி வண்டி ஓட்டுவோருக்குக் கடுந்தண்டனை, மேம்பட்ட மருத்துவ வசதி ஆகியவற்றின் துணையால் தொகை மறுபடியும் இறங்கியது. முயற்சி தளர்ந்தால் ஆபத்து திரும்பும் என்பதும், முயன்றால் அதை மீண்டும் அடக்கலாம் என்பதும் இதிலிருந்து கிடைக்கும் படிப்பினை.

வேகமும் மனித உடலும்

சாலைப் பாதுகாப்பின் அடிப்படை இயற்பியலில் உள்ளது. ஓடும் வண்டியின் ஆற்றல் அதன் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்கிறது. வேகம் இரட்டித்தால் ஆற்றல் நான்கு மடங்காகும். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் மோதுவது சுமார் மூன்றரை மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். 50 கிலோமீட்டர் என்றால் கிட்டத்தட்ட பத்து மீட்டர். அதாவது மூன்று மாடி உயரம். 100 கிலோமீட்டர் என்றால் 39 மீட்டர். மூன்றரை மீட்டரிலிருந்து விழுபவர் பெரும்பாலும் பிழைப்பார். 39 மீட்டரிலிருந்து விழுபவர் பிழைப்பதரிது.

வண்டியை நிறுத்துவதும் இவ்வாறே. ஓட்டுநர் ஆபத்தைக் கண்டு தடையை அழுத்த ஒரு விநாடி ஆகிறது எனக் கொள்வோம். உலர்ந்த சாலையில், நல்ல தடையுள்ள கார் 40 கிலோமீட்டர் வேகத்தில் சுமார் 20 மீட்டரில் நிற்கும். 80 கிலோமீட்டர் வேகத்தில் நிற்க 57 மீட்டர் வேண்டும். முப்பது மீட்டர் தொலைவில் ஒரு சிறுவன் குறுக்கே ஓடிவந்தால், முதல் வண்டி அவனை அடையுமுன் நின்றுவிடும். இரண்டாவது வண்டி ஏறத்தாழ முழு வேகத்தில் அவன் மீது மோதும். இருவரும் ஒரே அளவு விழிப்புள்ள ஓட்டுநர்களே. வேறுபாடு வேகத்தில்தான் உள்ளது. சராசரி வேகம் 1 சதவீதம் உயர்ந்தால் உயிரிழப்பு நேரும் வாய்ப்பு 4 சதவீதம் உயர்கிறது என உலக சுகாதார நிறுவனம் கூறுவதன் பொருள் இதுவே.

பூஜ்ய மரணக் கொள்கை

இவ்வுண்மையைக் கொள்கையாக ஏற்ற முதல் நாடு ஸ்வீடன். 1997 அக்டோபரில் அந்நாட்டு நாடாளுமன்றம், சாலைப் போக்குவரத்தில் எவரும் இறத்தலோ கடுங்காயமுறுதலோ கூடாது என்பதை நீண்டகால இலக்காக ஏற்றது. இதுவே பூஜ்ய மரணக் கொள்கை எனப்படுகிறது.

இக்கொள்கையின் சாரம் மூன்று கூற்றுக்களில் அடங்கும். முதலாவது, மனிதர் தவறு செய்வர். எத்தனை போதித்தாலும் தவறு முற்றிலும் மறையாது. இரண்டாவது, மனித உடல் தாங்கும் ஆற்றலுக்கு ஓர் எல்லை உண்டு. மூன்றாவது, தவறுக்குத் தண்டனை மரணமாக இருத்தல் கூடாது. ஆகவே சாலையை வகுப்போரும், வாகனம் செய்வோரும், சட்டத்தை நிர்வகிப்போரும், சாலையைப் பயன்படுத்துவோரும் பொறுப்பைப் பகிர்ந்துகொள்ள வேண்டும். இதன்படி, நடப்போரும் வண்டிகளும் கலக்கும் இடத்தில் வேகம் 30 கிலோமீட்டருக்கு மேற்படலாகாது. வண்டிகள் பக்கவாட்டில் மோதக்கூடிய சந்திப்புக்களில் 50-க்கும், எதிரெதிரே வரும் வண்டிகளுக்கிடையே தடுப்பு இல்லாத சாலையில் 70-க்கும் மேற்படலாகாது. அதைவிட மிகுந்த வேகம் வேண்டுமெனில் முதலில் தடுப்பு அமைக்கப்படல் வேண்டும்.

ஸ்வீடன் இதைச் செயலில் காட்டியது. அகன்ற இருவழிச் சாலைகளை மூன்று தடங்களாகப் பிரித்து, நடுவே எஃகு வடத் தடுப்பு அமைத்தது. நடுத்தடம் சில கிலோமீட்டருக்கு ஒருமுறை இரு திசையினருக்கும் மாறி மாறி முந்திச் செல்லப் பயன்படும். பெருஞ்செலவின்றி அமைந்த இச்சாலைகளில் நேருக்கு நேர் மோதும் மரணங்கள் பெரிதும் ஒழிந்தன. 1997-இல் 541-ஆக இருந்த ஸ்வீடனின் சாலை மரணங்கள் 2020-இல் 204-ஆகக் குறைந்தன. இலக்கு இன்னும் எய்தப்படவில்லை. எனினும் திசை தெளிவாக உள்ளது. பெருநகரங்கள் சிலவும் இவ்விலக்கை நெருங்கியுள்ளன. நார்வேயின் தலைநகரான ஆஸ்லோவில் 2019-இல் பாதசாரி எவரும், மிதிவண்டியோட்டி எவரும் இறக்கவில்லை.

நம் நாட்டின் சட்டமும் அமைப்புக்களும்

நம் நாட்டில் இத்துறைக்கு நெடிய வரலாறு உண்டு. 1914-ஆம் ஆண்டின் சட்டத்தைத் தொடர்ந்து 1939-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டமும், அதற்குப் பின் 1988-ஆம் ஆண்டின் சட்டமும் வந்தன. இறுதியாகக் கூறியது 1989 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ளது. சுந்தர் குழு 2007-இல் அளித்த அறிக்கையின் தொடர்ச்சியாக, தேசியச் சாலைப் பாதுகாப்புக் கொள்கைக்கு 2010-இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது.

நீதிமன்றத்தின் பங்கும் சிறப்பாகக் கூறத்தக்கது. கோயம்புத்தூரைச் சேர்ந்த எலும்பு அறுவை மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012-இல் தொடுத்த பொதுநல வழக்கில், உச்ச நீதிமன்றம் 2014 ஏப்ரலில் நீதிபதி கே.எஸ். ராதாகிருஷ்ணன் தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. விபத்தில் சிக்கியோருக்கு அறுவைச் சிகிச்சை செய்பவர், அவர்கள் மேசைக்கு வராமலே தடுக்க முடியாதா எனக் கேட்டதன் விளைவு இது. 2017 நவம்பரில் அந்நீதிமன்றம், ஒவ்வொரு மாநிலமும் சாலைப் பாதுகாப்புக்கெனத் தனிக் கொள்கை, தலைமை முகமை, நிதி, மாவட்டக் குழு ஆகியவற்றை அமைக்க வேண்டும் என ஆணையிட்டது.

2019-ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் அபராதங்களைப் பெரிதும் உயர்த்தியது. தலைக்கவசம் அணியாதோருக்கு 1,000 ரூபாய் அபராதமும், மூன்று மாதம் ஓட்டுநர் உரிமத் தடையும் விதிக்கலாம். மது அருந்தி ஓட்டினால் முதல் குற்றத்துக்கே 10,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. குஜராத் போன்ற சில மாநிலங்கள் இத்தொகைகளில் பலவற்றை உடனே குறைத்தன. அபராதத்தின் அளவைவிட, பிடிபடுவது உறுதி என்ற அச்சமே நடத்தையை மாற்றும் என்பது பல நாடுகளின் அனுபவம். ஆயிரத்தில் ஒருவரைப் பிடித்துப் பெருந்தொகை வசூலிப்பதைவிட, பத்தில் ஒருவரைப் பிடித்துச் சிறு தொகை வசூலிப்பது மிகுந்த பயன் தரும். மின்னணுக் கருவிகளால் கண்காணிக்க வகை செய்யும் 136-அ பிரிவு இக்காரணத்தால் முக்கியமானது.

தலைக்கவசம் பற்றித் தனியே ஒரு சொல். 2022-இல் அது அணியாமல் இறந்தோர் 50,029 பேர். இவர்களில் 14,337 பேர் பின்னிருக்கையில் அமர்ந்து சென்றவர்கள். ஓட்டுபவர் அணிந்தால் போதும் என்ற பழக்கம் எத்தனை தாய்மாரையும் மனைவியரையும் நண்பர்களையும் பலிகொண்டது என்பதை இவ்வெண் காட்டுகிறது. இந்திய தர நிர்ணய அமைவனத்தின் முத்திரையில்லாத தலைக்கவசங்களை விற்பது 2021 ஜூன் முதல் தடை செய்யப்பட்டுள்ளது. ஆயினும் சாலையோரக் கடைகளில் தரமற்றவை இன்னும் விலைபோகின்றன.

குற்றம் ஓட்டுநருடையது மட்டுமா?

2022-இன் மரணங்களில் 71 சதவீதத்துக்கு மேல் மிகை வேகத்தால் நேர்ந்தவை என அறிக்கை கூறுகிறது. இத்தகைய விவரங்கள் காவல் நிலையங்கள் பதிவு செய்வனவற்றிலிருந்து தொகுக்கப்படுகின்றன. வழக்குப் பதிவின் நோக்கம் குற்றவாளியைக் காண்பது. ஆகவே சாலையின் குறை, வெளிச்சமின்மை, தவறான திருப்பம் ஆகியவை அதில் எளிதில் இடம்பெறா.

எடுத்துக்காட்டாக, நான்குவழிச் சாலை ஒன்று ஒரு கிராமத்தை இரண்டாகப் பிளந்து செல்வதாகக் கொள்வோம். வீடுகள் ஒருபுறம், பள்ளியும் வயலும் மறுபுறம். சாலையைக் கடக்கும் திறப்பு இரண்டு கிலோமீட்டருக்கு அப்பால் உள்ளது. பால் கொண்டுசெல்பவர் நான்கு கிலோமீட்டர் சுற்றிச் செல்வாரா, அல்லது சாலையோரமாக எதிர்த்திசையில் நூறு மீட்டர் வண்டியை ஓட்டுவாரா? பள்ளிச் சிறுவர் நடுத்தடுப்பைத் தாண்டாமல் இருப்பரா? மக்களே தடுப்பை உடைத்து வழி செய்துகொள்வதை நாம் பல இடங்களில் காண்கிறோம். அங்கே ஒருநாள் மரணம் நேர்கிறது. “எதிர்த்திசையில் வந்தார்”, “கவனமின்றிக் கடந்தார்” என்று பதிவேடு கூறும். அது பொய்யன்று, ஆனால் முழு உண்மையும் அன்று. ஒரு சுரங்கப்பாதையோ சேவைச் சாலையோ திட்டமிடும்பொழுதே சேர்க்கப்பட்டிருந்தால் அம்மரணம் நேர்ந்திராது.

இக்குறையைச் சட்டமும் உணர்ந்துள்ளது. சாலையின் வடிவமைப்பிலோ பராமரிப்பிலோ உரிய தரத்தைப் பின்பற்றாமல் மரணமோ ஊனமோ நேர்ந்தால், பொறுப்பான அதிகாரி, ஒப்பந்தக்காரர், ஆலோசகர் ஆகியோருக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க 198-அ பிரிவு இடம் தருகிறது. தேசிய நெடுஞ்சாலைகளில் 500 மீட்டர் நீளப் பகுதி ஒன்றில் மூன்று ஆண்டுகளில் மரணமோ கடுங்காயமோ விளைத்த ஐந்து விபத்துக்கள் நேர்ந்தாலும், அல்லது பத்துப் பேர் இறந்தாலும், அது ‘கரும்புள்ளி’ எனக் குறிக்கப்பட்டுச் சீர்செய்யப்பட வேண்டும். ஆனால் பத்துப் பேர் இறக்கும் வரை காத்திருத்தல் முறையாகாது. திட்டம், கட்டுமானம், திறப்பு ஆகிய ஒவ்வொரு கட்டத்திலும் பாதுகாப்புத் தணிக்கை நடத்துவதே அறிவுடைமை. சென்னை ஐ.ஐ.டி.யும் தேசியத் தகவலியல் மையமும் உருவாக்கிய ஒருங்கிணைந்த விபத்துத் தரவுத்தளம், விபத்து நேர்ந்த இடத்தை அங்கிருந்தே துல்லியமாகப் பதிவு செய்ய உதவுகிறது. இவ்விவரங்களைப் பொறியாளர் ஆராய்ந்தால்தான் பயன் விளையும்.

காயமுற்றோரைக் காத்தல்

விபத்து நேர்ந்த பின்னும் உயிரைக் காக்க வழியுண்டு. காயமுற்ற முதல் ஒரு மணி நேரத்தைச் சட்டம் ‘பொன்னான நேரம்’ என வரையறுக்கிறது. இந்நேரத்தில் குருதிப்போக்கை நிறுத்தி, மூச்சுக்குழல் அடைபடாமல் காத்தால் பலர் பிழைப்பர். ஆனால் காவல் நிலையத்துக்கும் நீதிமன்றத்துக்கும் அலைய நேருமே என அஞ்சி வழிப்போக்கர் உதவத் தயங்கினர். 2016 மார்ச் 30 அன்று உச்ச நீதிமன்றம், உதவி செய்வோரைக் காக்கும் நெறிமுறைகளுக்குச் சட்டத்தின் வலிமை அளித்தது. பின்னர் 134-அ பிரிவு இதனைச் சட்டமாகவே ஆக்கியது. உதவியவர் தம் பெயரைக் கூற வேண்டியதில்லை. அவர் மீது வழக்கும் வராது. இச்செய்தி இன்னும் ஊர்தோறும் சென்றடையவில்லை.

2005-இல் ஆந்திரத்தில் தொடங்கிய 108 அவசர ஊர்தி ஏற்பாடு பல மாநிலங்களுக்குப் பரவியுள்ளது. தமிழ்நாடு 2021 டிசம்பரில் தொடங்கிய ‘நம்மைக் காக்கும் 48’ திட்டம், முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை ஏற்றது. மத்திய அரசு 2025 மே மாதத்தில் அறிவித்த திட்டப்படி, விபத்துக்குள்ளானவர் ஏழு நாட்கள் வரை, ஒன்றரை லட்சம் ரூபாய்க்கு மிகாமல் பணம் கட்டாமலே சிகிச்சை பெறலாம். பஞ்சாப் மாநிலம் 2024 ஜனவரியில் சாலைப் பாதுகாப்புப் படை ஒன்றை அமைத்து, 144 வாகனங்களை நெடுஞ்சாலைகளில் நிறுத்தியது.

ஒரு நெடுஞ்சாலையின் பாடம்

மும்பை – புணே விரைவுச்சாலை சுமார் 94 கிலோமீட்டர் நீளமுடையது. 2016-இல் அதில் 151 பேர் இறந்தனர். அவ்வாண்டில் மாநில அரசு முகமைகளும், நெடுஞ்சாலைக் காவல் துறையும், ஒரு தன்னார்வ அமைப்பும், ஒரு தனியார் நிறுவனமும் இணைந்து அதனை மரணமற்ற பாதையாக்கும் முயற்சியில் இறங்கின. ஒவ்வொரு விபத்தும் ஆராயப்பட்டது. தூண்களைச் சுற்றியும் பாலச் சுவர்களின் முனைகளிலும் தடுப்புக்கள் அமைக்கப்பட்டன. நடுத்தடுப்பின் இடைவெளிகள் அடைக்கப்பட்டன. ஓரத்தில் நின்ற லாரிகள் மீது பின்வரும் வண்டிகள் மோதுவதைத் தடுக்க ரோந்து மிகுந்தது. 2020-இல் இறந்தோர் 66. அவ்வாண்டு நோய்த்தொற்றால் போக்குவரத்துக் குறைந்திருந்தது உண்மையே. ஆயினும் 2019-லேயே தொகை நூறுக்குக் கீழ் இறங்கிவிட்டது. சாலை அதுவே, ஓட்டுநர்களும் அத்தகையோரே. மாறியது நிர்வாகத்தின் அணுகுமுறை.

செய்ய வேண்டுவன

2015-இல் பிரேசிலியாவில் நாம் பிற நாடுகளுடன் சேர்ந்து, சாலை மரணங்களை 2020-க்குள் பாதியாக்குவதாக உறுதி கூறினோம். அவ்வாண்டில் 1,46,133-ஆக இருந்த தொகை குறையவில்லை; ஏறியது. விபத்துக்கள் குறைவதற்கு மாறாகக் கூடின என்பதை 2024 டிசம்பரில் மத்திய அமைச்சரே மக்களவையில் ஒப்புக்கொண்டார். ஐக்கிய நாடுகள் சபை வகுத்த இரண்டாம் பத்தாண்டுத் திட்டம், 2030-க்குள் பாதியாக்குவதை மீண்டும் இலக்காக வைத்துள்ளது. தேசிய இலக்கு மாவட்ட இலக்காகப் பிரிக்கப்படாத வரை அது காகிதத்திலேயே நிற்கும்.

மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழு இப்பணிக்கு உகந்த களம். ஆட்சியர், காவல் கண்காணிப்பாளர், நெடுஞ்சாலைப் பொறியாளர், வட்டாரப் போக்குவரத்து அலுவலர், மருத்துவத்துறை அலுவலர் ஆகியோர் ஒருங்கே அமரும் இடம் அது. ஒவ்வொரு கூட்டத்திலும் மூன்று கேள்விகள் எழுப்பப்பட வேண்டும். சென்ற மாதம் இறந்தோர் எங்கே, எவ்வாறு இறந்தனர்? அவ்விடத்தில் எதை மாற்றியிருந்தால் அவர்கள் பிழைத்திருப்பர்? அம்மாற்றத்தை யார், எந்த நாளுக்குள் செய்வார்? விடை கூட்டக் குறிப்பில் பெயரோடும் தேதியோடும் எழுதப்பட்டு, அடுத்த கூட்டத்தில் அதன் நிறைவேற்றம் முதற்பொருளாக எடுக்கப்பட வேண்டும்.

பூஜ்யம் என்ற இலக்கு நடைமுறைக்கு ஒவ்வாத கனவு எனச் சிலர் கருதலாம். அவர்களிடம் ஒரு கேள்வி கேட்கலாம்: உங்கள் மாவட்டத்தில் ஆண்டுக்கு எத்தனை பேர் சாலையில் இறப்பதை நீங்கள் ஏற்பீர்கள்? எந்த எண்ணைக் கூறினாலும், அந்த எண்ணில் அடங்கும் ஒருவர் நம் வீட்டவராக இருக்கலாம். பெரியம்மையை ஒழித்தபோதும், போலியோவை விரட்டியபோதும், இந்நாடு பூஜ்யத்துக்குக் குறைந்த இலக்கை வைத்துக்கொள்ளவில்லை. சாலைக்கும் அவ்வளவுகோலையே கொள்வது நம் கடமையாகும்.